கம்புக்கு மேலே ஒரு நாய்

நாய்ப் படங்களுக்கு விமரிசனமா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்துக்குப் பொழுது போகவேண்டுமே என்று, குதிரைகளின் தடைதாண்டும் பந்தயத்தைப் பார்த்து ஏற்படுத்திய வேடிக்கை அஜிலிடி. இன்று பல தேசங்களில் அதற்குப் பயிற்சி மைதானங்கள் உண்டு. மைதானத்து ஓரத்தில் காமிராவோடு ஒருவர் குப்புறப் படுத்திருப்பதும் சகஜம். இவர்கள் எடுக்கும் படங்களைச் சில காலமாகச் சிரத்தையோடு பார்த்து வருகிறேன். பெரும்பாலும் எல்லாம் ஒரே படம்தான்.

குறுக்குக் கம்புக்கு மேலே ஒரு நாய். முன்கால்கள் நீண்டிருக்கும், காதுகள் காற்றில் பறக்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாய் எங்கே எழும்பும் என்பது முன்னமே தெரிந்த விஷயம். கம்பின்மேல் ஃபோகஸ் வைத்து, ஷட்டரை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு அமைத்துக் காத்திருந்தால் நாய் தானே வந்து படத்தில் விழும். கதாநாயகி கிணற்றில் குதிக்கும் கட்டத்தை மட்டும் எழுதிவிட்டு, அதற்கு நாவல் என்று பெயர் வைக்கிற காரியம் இது.

அந்த ஓட்டத்திலும் பாதிதான் படத்துக்கு வருகிறது. இந்த வேடிக்கை பிறப்பதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1878-இல், கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் வரிசையாகக் காமிராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நாலு காலும் தரையை விட்டு எழும்புவது, அவை வயிற்றுக்கு அடியில் கூடும்போதுதான் என்று தெரிந்தது. கால்களை முன்னும் பின்னும் நீட்டி ஓவியர்கள் வரைந்து வந்தது பொய்யாயிற்று. கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாயோ நீட்டும்போதும் பறக்கிறது, சுருக்கும்போதும் பறக்கிறது. நம் படக்காரர்கள் நீட்டலை வைத்துக்கொண்டு சுருக்கலைக் கழித்துவிடுகிறார்கள். முதுகு வில்லாக வளைந்த நாய் சோபிக்காதாம்!

அதைவிடப் பெரிய குறை, எஜமானரைப் படத்திலிருந்து வெட்டிவிடுவது. போட்டியில் கயிறு கிடையாது. நாயைத் தொடவும் கூடாது. குரலும், கையசைப்பும், தோள் திரும்பும் திசையும்தான் பாஷை. அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்வதற்குத்தான் இத்தனை பயிற்சியும். அது இல்லாமல், துரத்தப்பட்ட தெருநாய்கூட வேலியை அப்படித்தான் தாண்டுகிறது.

ஒரே ஒரு படம் மனசில் நிற்கிறது. சீசாப் பலகையின் நடுவைக் கடந்துவிட்ட ஒரு பார்டர் காலி. முன்பக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டது. பலகை தரையைத் தொடும்வரை நாய் இறங்கக்கூடாது என்பது விதி. பின்கால்களில் பாரத்தைப் போட்டு உடம்பைத் தாழ்த்தி நிற்கிறது. மெதுவான ஷட்டர், பலகையின் நுனி கலங்கியிருக்கிறது, முகம் மட்டும் தெளிவு. கண் போவது பலகைக்கு அல்ல, படத்தின் ஓரத்தில் பாதி தெரியும் ஒரு கைக்கு. விரல்களை விரித்து, 'பொறு' என்கிற கை. பயம் போகவில்லை, ஆனாலும் அந்தக் கையை நம்புகிறது. இந்தப் படத்தை யாரும் அட்டையில் போடமாட்டார்கள்.

வளரும் குட்டிக்குக் கம்பைத் தரையில் வைத்தே பழக்குகிறார்கள். பிரிட்டனில் 18 மாதம் ஆகாத நாயைப் போட்டியில் சேர்ப்பதில்லை. அந்தப் பறக்காத மாதங்களுக்குப் படம் எங்கே? கீழே கிடக்கும் கம்பைக் குட்டி ஒன்று முகர்ந்து பார்க்கும் படம் அகப்படுமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.