எங்க பெண்கள்

2011 டிசம்பரில் நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். முல்லைப் பெரியாறு பிரச்சினை உச்சத்தில் இருந்தது. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழ்ப் பெண்களைப் பிடித்து வைத்துத் துன்புறுத்தினார்கள் என்று செய்தி வந்தது. நான் ஹாஸ்டலில் உட்கார்ந்து, 'எங்க பெண்கள் மேல கை வச்சா' என்று தொடங்கும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் ஷேர் செய்தேன். என் பெரியம்மா அந்த வருஷங்களில் போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரு போன் போட எனக்குத் தோன்றவில்லை.

இது உறைப்பதற்கு ராஜினி திரணகமவைப் படிக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை'யில், பெண்களைப் பற்றிய அத்தியாயம் அவருடையது. உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. புலிகள்தான் கொன்றார்கள் என்கிறார்கள் அவருடைய குடும்பத்தாரும் சகாக்களும். புத்தகம் 1990-இல் அச்சில் வந்தது.

1987 அக்டோபரில் இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்தில் போர் தொடங்கியபோது பெண்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் அத்தியாயம். ராணுவம் செய்த வன்முறையை எழுதுகிற அதே கை, இயக்கங்கள் பெண்களை எப்படி வைத்திருந்தன என்பதையும் எழுதுகிறது. தமிழ்நாட்டு வாசகனுக்கு இது இரண்டு பக்கமும் சுடும். ராணுவமும் 'நம்முடையது', இயக்கமும் 'நம்முடையது' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். சிதைக்கப்பட்டவள், சிப்பாய்களோடு வாதாடியவள், துப்பாக்கி எடுத்தவள் எல்லோரும் அதில் வருகிறார்கள். யாரையும் இனத்தின் மானத்துக்கு அடையாளமாக அவர் நிறுத்துவதில்லை. திரும்பி வந்தவளை ஊர் எப்படிப் பார்த்தது என்றும் கேட்கிறார். ஆய்வாளர் வெளியிலிருந்து வந்து பேட்டி எடுத்துப் போனவர் இல்லை; அதே தெருக்களில் சைக்கிள் ஓட்டியவர்.

குறை இல்லாமல் இல்லை. அனுபவங்களை விட்டுப் பெண் விடுதலை பற்றிய பொது விவாதத்துக்குப் போகும் இடங்களில் மொழி விறைத்துவிடுகிறது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் குரல் அமுங்கி, இடதுசாரிக் கூட்டங்களின் சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எனக்கு அந்தப் பக்கங்கள் அலுப்பாகத்தான் இருந்தன. (இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று ஒரு சங்கடமும் இருக்கிறது. அவர் உயிரைக் கொடுத்து எழுதியதை நான் ஏசி அறையில் படித்தேன்.)

பிரிவினை பற்றிய ஊர்வசி புட்டாலியாவின் 1998 நூலையும் சேர்த்துப் படித்தால் இந்த 'எங்க' என்ற சொல் இன்னும் நாறும். கடத்தப்பட்ட பெண்களை மீட்க இந்தியா 1949-இல் சட்டமே போட்டது. நான் வரவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று சொன்ன பெண்களையும் அந்தச் சட்டத்தால் அனுப்ப முடிந்தது. யாருடைய சொத்து எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் பெரியம்மாவிடம் கேட்டேன். பத்து வருஷத்துக்கும் மேல் லேட்.

"அந்தச் சண்டையப்ப என்ன பெரியம்மா ஆச்சு?"

"வேல போச்சு. மூணு வாரம் அடுப்பு சரியா எரியல. அதான் ஞாபகம் இருக்கு."

"பயமா இல்லையா?"

"பயம் எப்படா இல்ல? ஜீப்புல இருவது பேர அடைச்சுப் பதினேழு கொண்டை ஊசியும் ஏத்துறப்ப வராத பயமா?"

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "எங்க மொதலாளி போடிக்காரர்தான். திரும்பப் போனப்ப, இத்தன நாள் ஏன் வரலைன்னு பழைய பாக்கியில புடிச்சுக்கிட்டாரு. கைய வைக்கிறவன் மலையாளத்தான் மட்டுந்தான்னு யாரு ஒனக்குச் சொன்னது?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் தொடரவில்லை. என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அதை இங்கே எழுதியிருப்பேன், அதுவும் தெரியும். இதில்தான் ராஜினியின் அத்தியாயம் என்னை மறுபடி பிடிக்கிறது. போர் என்று தேதியும் பெயரும் இருந்த இடத்தில் அவரால் கேட்க முடிந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் தோட்ட முதலாளிகளாகப் போடிக்காரர்களும் இருக்கும் மலையில், சண்டை இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமையில் நடப்பதற்கு யார் அத்தியாயம் எழுதுவது? மோதல், பாலினம், வன்முறை என்று ஆய்வுகள் தேடினால் 2011 டிசம்பர் கிடைக்கும். 2012 ஜனவரியில் ஜீப் மறுபடி கிளம்பியது கிடைக்காது.

பழைய பதிவு ஃபேஸ்புக்கில் இன்னும் இருக்கிறது. அதற்கு 43 லைக். அழிக்கலாமா என்று பெரியம்மாவிடம் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்றார். பிறகு, உலையில் அரிசி போட எழுந்து போனார்.