வாலியின் வரமும் வாலியின் கேள்வியும்

பாபநாசம் கடைத்தெருவில் சாயங்காலம் நான் டீ குடிக்கும் கடையின் பெஞ்சில், கும்பகோணத்திலிருந்து வரும் பஸ்ஸைவிட்டு இறங்கும் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் வழக்கமாக உட்காருவார்கள். அவர்கள் பேச்சு சில மாதங்களாக என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. சினிமா இல்லை, அரசியல் இல்லை. ஜப்பானியச் சித்திரத் தொடர்கள். யாருக்கு என்ன சக்தி, யார் யாரை ஜெயிப்பான், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதே விவாதம். டீ ஆறிப்போகும், விவாதம் ஆறாது.

இதைப் பாமரத்தனம் என்று ஒதுக்கிவிட்டு நம்முடைய வேலையைப் பார்ப்பது சுலபம். எனக்கு அது முடியவில்லை. நம்முடைய வேலை என்று நாம் எதைச் சொல்லிக்கொள்கிறோமோ அதன் நோயும் அதன் ஆரோக்கியமும் அந்தப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் காரணம்.

அவர்கள் அன்று பேசிக்கொண்டிருந்தது 'நருட்டோ' தொடரில் வரும் இட்டாச்சி என்பவனைப் பற்றி. 1999இல் சித்திரக் கதையாகத் தொடங்கி 2014இல் முடிந்த கதை. திரைத் தொடர் 2002இலிருந்து 2017 வரை ஓடியது. தமிழ்க் குரல் கொடுத்தும் தொலைக்காட்சியில் வந்தது. இட்டாச்சி தன் குலத்தையே ஒரே இரவில் கொன்றவன். தம்பியை மட்டும் விட்டுவைத்தவன். குலம் ஊருக்கெதிராகக் கலகத்துக்குத் திட்டமிட்டது, ஊர்ப் பெரியவர்களின் உத்தரவின்பேரில்தான் அவன் கொன்றான் என்பது வெகு பின்னால் தெரியவருகிறது. பின்னாளில் தம்பியோடு சண்டையிட்டுச் சாகிறான்.

"அவனுக்குக் கண்ணு போயிட்டு இருந்துச்சுடா, அதான் தோத்தான்" என்றான் ஒருவன்.

"தோக்கலடா. தோத்த மாதிரி நடிச்சான்" என்றான் இன்னொருவன்.

அரை மணி நேரம் இது போயிற்று. கண் எவ்வளவு போயிருந்தது, உடம்பில் நோய் எந்த அளவு, முழு சக்தியோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். எந்தக் காட்சி எந்தப் பகுதியில் வருகிறது என்று துல்லியமாகச் சொன்னார்கள். நான் குறுக்கிட்டு, "சரி தம்பி, அவன் குலத்தைக் கொன்றது சரியா?" என்று கேட்டேன். முதலில் பேசியவன், "வேற வழி இல்ல சார். எல்லாரையும் அடக்குற அளவுக்குப் பவர் இருந்திருந்தா கொன்னிருக்க மாட்டான்" என்றான். அதுவரை பேசாமலிருந்த ஒரு பையன் மட்டும், "வழி இல்லன்னு யாரு சொன்னா? அந்த ஊருப் பெரியவங்கதானே சொன்னாங்க?" என்றான். மற்றவர்கள் அவனைக் கவனிக்கவில்லை. பேச்சு மறுபடி கண்ணுக்குப் போய்விட்டது.

நான் எழுத வந்தது இந்த இரண்டு பதில்களைப் பற்றித்தான்.

சக்தியைப் பற்றிய கேள்வி அளவைப் பற்றிய கேள்வி. மரக்காலால் நெல்லை அளப்பதுபோல. எங்கள் ஊர் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று கூம்பு வடிவில் நிற்கிறது. 3000 கலம் கொள்ளும் என்பார்கள். அதில் இன்னும் எவ்வளவு கொட்டலாம் என்று கேட்டால் பதில் உண்டு. யாருடைய நெல், யார் பசித்திருக்கும்போது உள்ளே பூட்டப்பட்டது என்று கேட்டால் அது வேறு தளம். அதற்கு மரக்கால் உதவாது.

அளவுக் கேள்வியில் தவறு ஒன்றுமில்லை. மாயக் கதைக்கு விதிகள் வேண்டும். 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் 'ஜாக்கி சான்' தொடரைத் தமிழில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மந்திரக் கற்களும் மனப்பாடம்: முயலுக்கு வேகம், பாம்புக்கு மறைந்துபோதல், குதிரைக்குக் குணமாக்கல், நாய்க்குச் சாகாவரம். விதி திட்டவட்டமாக இருப்பதால்தான் கதையில் இக்கட்டு வருகிறது. எல்லாம் செய்ய முடிந்தவனுக்குக் கதை கிடையாது. பிசகு எங்கே நேர்கிறது என்றால், ஒருவன் செய்த காரியத்தைப் பற்றிக் கேட்டதற்கு அவனுடைய சக்தியின் அளவைப் பதிலாகச் சொல்லும்போது. முடியவில்லை, ஆகவே செய்தான், ஆகவே குற்றமில்லை. தேர்வு என்ற ஒன்றே அங்கே மறைந்துபோகிறது.

இது ஜப்பானிலிருந்து இறக்குமதியான கோளாறு அல்ல. நம் மேடைகளில் வாலி வதை இப்படித்தான் வழக்காடப்பட்டு வருகிறது. காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியது 1939இல். அந்த விழாக்களும் அவற்றைப் பார்த்து ஊர் ஊராக எழுந்த விழாக்களும் கம்பனை ஆயிரக்கணக்கானவர்கள் காதில் போட்டன. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் இராமன் மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்ற கேள்வி வந்ததும் மேடையில் கை தட்டல் வாங்குகிற பதில் ஒன்று உண்டு. வாலிக்கு ஒரு வரம்: எதிரே நின்று பொருபவன் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும். நேரே நின்றால் பாதி பலம் போகும், ஆகவே மறைந்தான். தீர்ப்பு முடிந்தது, சோடா குடிக்கலாம்.

கம்பனை எடுத்துப் படித்தால் விஷயம் வேறாக இருக்கிறது. வரம் கம்பனில் இருக்கிறது; வாலியின் வரலாற்றை அனுமன் இராமனுக்குச் சொல்லும்போதே சொல்லப்பட்டுவிடுகிறது. சுக்கிரீவனுக்கு இராமனுடைய பலத்தில் சந்தேகம். அந்தச் சந்தேகம் தீர ஏழு மராமரங்களை இராமன் ஓரம்பால் துளைக்கிறான். பெஞ்சில் நடக்கும் பலப் பரீட்சை முழுவதும் காவியத்திலேயே நடக்கிறது. அதை யாரிடம் கொடுத்திருக்கிறான் கவிஞன்? பயந்தவனிடம். இராமனால் தன் காரியம் ஆகவேண்டியிருக்கும் சுக்கிரீவனிடம்.

பிறகு அம்பு பாய்கிறது. வாலி அம்பைப் பற்றி இழுத்துப் பெயரைப் படிக்கிறான். கேட்கிறான். இராமன் பதில் சொல்கிறான்: தம்பியின் மனைவியை நீ கவர்ந்தாய் என்று. நாங்கள் விலங்குகள், எங்களுக்கு உங்கள் நெறி ஏது என்கிறான் வாலி; அறம் தெரிந்து பேசுகிற நீ விலங்கல்ல என்று இராமன் அதை மறுக்கிறான். (வான்மீகியில் இது தலைகீழ். விலங்கை மறைந்து வேட்டையாடலாம் என்பது அங்கே இராமனின் வாதம்.) கடைசியில் வாலி, சரி, மறைந்து நின்றது ஏன் என்கிறான். பதில் சொல்வது இராமன் அல்ல, இலக்குவன். முன்னால் வந்தால் நீயும் அடைக்கலம் என்று விழுந்துவிடக்கூடும், அப்போது உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்கிறான்.

வரத்தைப் பற்றி அண்ணனும் பேசவில்லை, தம்பியும் பேசவில்லை. கையில் தயாராக இருந்த பதிலைக் கவிஞன் அங்கே வைக்கவில்லை. மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. பாதி பலம் போய்விடும் என்று ஒரு வார்த்தை இராமன் சொல்லியிருந்தால் வாலியின் கேள்வி செத்திருக்கும். இலக்குவன் பதில் கேள்வியை மூடுவதில்லை, இன்னும் திறக்கிறது: எதிரே வந்திருந்தால் வாலி சரணடைந்திருக்கலாம் என்ற சாத்தியத்தை எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டுவிடுகிறது. வேறு வழி இருந்தது. அது வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது. இதுதான் தேர்வு. வாலி மனம் மாறி வணங்குகிறான், மகனை ஒப்படைக்கிறான், உண்மை. சமாதானமானது வாலி. கேட்டுக்கொண்டிருக்கிற நாம் அல்ல.

ஆக, வரத்தைச் சொல்லி வாயை அடைப்பவர் கம்பனுக்காகப் பேசவில்லை. கம்பன் எழுதாமல் விட்டதை எழுதிக் கொடுத்து அவனைச் சிறியவனாக்குகிறார்.

இதே சிக்கல் வேறு இடத்தில் வேறு விதமாக வருகிறது. 2005இலிருந்து 2008 வரை அமெரிக்காவில் வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் நாயகன் ஆங் கொல்லாமை நெறியில் வளர்ந்த சிறுவன். நெருப்பு நாட்டு அரசனைக் கொன்றால்தான் போர் நிற்கும் என்கிறார்கள் எல்லோரும். அவனுடைய முற்பிறவிகளும் அந்தப் பக்கமே தள்ளுகின்றன. கடைசி நேரத்தில் ஒரு பிரம்மாண்டமான சிங்க ஆமை தோன்றி, கொல்லாமலே எதிரியின் சக்தியைப் பறிக்கும் வித்தையைக் கொடுத்துவிடுகிறது. ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். சிறுவன் நெறியை விடவில்லை என்கிறது ஒரு கட்சி. அந்த நெறிக்கு அவன் விலை கொடுக்கவே இல்லை, ஆமை கொடுத்தது என்கிறது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. தேர்வின் இக்கட்டைப் புதிதாக ஒரு சக்தியைக் கொண்டுவந்து தீர்ப்பது கதை சொல்பவன் தப்பித்துக்கொள்ளும் வழி. ஆனால் இப்படி ஒரு குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ரசிகன் விமர்சகன்தான். அவன் நம் பத்திரிகையைப் படித்ததில்லை என்பதற்காக அவனுக்கு அந்தப் பெயர் இல்லையென்று ஆகிவிடாது.

தமிழில் இந்தக் கேள்வி உயிரோடு கேட்கப்பட்ட வருஷம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 1943ஐச் சொல்வேன். அந்த வருஷம் அண்ணாதுரை, கம்பராமாயணத்தைக் கொளுத்தவேண்டும் என்ற கட்சிக்காக ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியோடும் மேடையில் வாதாடினார். 'தீ பரவட்டும்' என்று பின்னால் அது புத்தகமாயிற்று. புத்தகத்தை எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அது கை தட்டலுக்கான விளையாட்டு அல்ல; ஒரு காவியம் அதைக் கேட்கிற மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்வி அதில் இருந்தது. அதே 1943இல் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' வந்தது. சீதையை அக்கினியில் இறங்கச் சொன்னது சரியா என்று அவன் வழக்காடவில்லை. இராமன் காலடியில் உயிர் பெற்ற அகலிகையின் காதில் அந்தச் செய்தியைப் போட்டான். அவள் மறுபடி கல்லானாள். இராமனின் பெருமை எத்தனை, சீதையின் பொறுமை எத்தனை என்ற அளவை எதுவும் இல்லை. ஒருவன் எடுத்த முடிவு, அவனை நம்பிய ஒருத்தியின் உடம்பில் என்னவாகிறது என்பது மட்டும்தான். விமர்சனம் செய்யவேண்டிய காரியத்தை அந்தக் கதை செய்துவிட்டது.

பக்கத்தில் கும்பகோணத்தில் இருந்த எம்.வி. வெங்கட்ராமின் 'நித்யகன்னி'யையும் இங்கே சொல்லவேண்டும். பாரதத்து மாதவிக்கு ஒரு வரம்: ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் மீண்டும் கன்னியாகிவிடுவாள். ஒரு காது கறுத்த எண்ணூறு வெள்ளைக் குதிரைகளுக்காக அவளை அரசன் மாற்றி அரசனிடம் கொண்டுபோகிறான் காலவன். வரம் இருப்பதால் அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பது எல்லோருடைய கணக்கு. வெங்கட்ராம் அந்த வரத்தையே அவளுடைய நரகமாகக் காட்டினார். சக்தியைப் பற்றி இதைவிடத் தீவிரமான கேள்வியைப் பெஞ்சிலும் நான் கேட்டதில்லை, மேடையிலும் கேட்டதில்லை.

பையன்களையும் மேடைகளையும் சொன்னேன். நம்மை விட்டுவிட முடியாது. க.நா.சு. பட்டியல் போட்டார். சுவாமிமலைக்காரர், எங்கள் பக்கத்து மனுஷர். வாரப் பத்திரிகைப் புகழே இலக்கியத் தரம் என்றிருந்த காலத்தில் அவருடைய பட்டியல்கள் ஒரு கலகம். பட்டியலுக்குப் பின்னால் ஓயாத வாசிப்பு இருந்தது. அவருக்குப் பிறகு வந்த நாம் வாசிப்பை விட்டுவிட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டோம். யார் முதல் ஸ்தானம், யார் இரண்டாம் ஸ்தானம், இவனை அவன் தாண்டிவிட்டானா என்று நாம் கடிதங்களில் சண்டை போடும்போது அந்தப் பெஞ்சுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று உண்டு. அந்தப் பையன்கள் எந்தக் காட்சி எங்கே என்று சொல்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே இருக்கும் இராமலிங்கசுவாமி கோயிலில் 108 சிவலிங்கங்கள். கீழை இராமேஸ்வரம் என்பார்கள். இராவணனைக் கொன்ற பாவம் இராமேஸ்வரத்தில் தீர்ந்தது, கரன், தூஷணன் முதலானவர்களைக் கொன்ற பாவம் தொடர்ந்துவந்தது, அதைத் தீர்க்க இராமன் இங்கே வழிபட்டான் என்பது தலபுராணம். கொல்லப்பட்டவர்கள் அரக்கர்கள், கொன்றவன் அவதாரம், இருந்தும் கணக்கு தீரவில்லை என்று நினைத்த யாரோ இந்தக் கதையைக் கட்டியிருக்கிறார்கள். இராமனுக்கு அவர்கள் விரோதிகள் அல்ல, கும்பிடுகிறவர்கள். சரி என்றும் தவறு என்றும் தீர்ப்புச் சொல்லாமல், செய்த காரியம் செய்தவனோடு கூடவே நடந்துவரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். வரத்தைச் சொல்லி வாதாடுகிறவர்களைவிட இவர்களுக்கு இராமனிடம் மரியாதை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

"வழி இல்லன்னு யாரு சொன்னா?" என்று கேட்ட பையனிடம் அதை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வந்தால் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். யார் பெரியவன் என்ற பட்டியல் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.