360 நாள் வருடம்: தானியேலின் எழுபது வாரக் கணக்கை உரசிப் பார்த்தால்

தானியேல் 9-ஆம் அதிகாரத்தின் எழுபது வாரத்தை விளக்கும் தமிழ்ப் பிரசங்கங்களில் ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வரும். அதைப் போட்டவர் சர் ராபர்ட் ஆண்டர்சன், லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் உயர் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். ‘தி கமிங் பிரின்ஸ்’ என்ற புத்தகத்தில் அவர் சொன்னது இதுதான். எருசலேமைக் கட்ட அர்தசஷ்டா ராஜா நெகேமியாவுக்கு அனுமதி தந்தது கி.மு. 445 மார்ச் 14. இயேசு எருசலேமுக்குள் பவனி வந்தது கி.பி. 32 ஏப்ரல் 6. நடுவில் சரியாக 1,73,880 நாள். 69 வாரம் × 7 வருடம் × 360 நாள் போட்டாலும் அதே 1,73,880. முதல்முறை கேட்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும்.

சரி, வருடத்துக்கு 360 நாள் எங்கிருந்து வந்தது? வெளிப்படுத்தின விசேஷத்தில் 42 மாதமும் 1,260 நாளும் ஒரே காலமாக வருகிறது. வகுத்துப் பார்த்தால் மாதம் 30 நாள். மூன்றரை வருடத்துக்கு முழு எண்ணில் சொன்னதை 483 வருடத்துக்கு நீட்டலாமா? சிக்கல் இங்கேதான்.

மத்தூர், ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். இங்கே தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் யுகாதி சந்திரக் கணக்குப்படி வருது. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான். ஆனாலும் யுகாதி நழுவி நழுவி ஆடி மாசத்துக்குப் போய்விடுவதில்லை. ஏறக்குறைய 32, 33 மாசத்துக்கு ஒரு அதிக மாசம் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறார்கள். யூதர்களும் இதையேதான் செய்தார்கள். பஸ்கா வாற்கோதுமை அறுப்புக் காலத்தில் வந்தாக வேண்டும் என்பதால் தேவைப்பட்டபோது 13-ஆம் மாதம் சேர்த்தார்கள். திருத்தமே இல்லாமல் 360 நாள் வருடத்தை 483 முறை ஓட்டினால் கிட்டத்தட்ட 7 வருடம் விடுபடும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. ஆண்டர்சனின் ஆரம்ப நாள் நிசான் 1, முடிவு நாள் நிசான் 10. இரண்டுமே அதிக மாசம் சேர்த்த அசல் யூதக் காலண்டரின் தேதிகள். நடுவில் உள்ள வருடங்களுக்கு மட்டும் வேறு அளவுகோல்!

ஏன் அப்படி? கி.மு. 445-இலிருந்து சாதாரண 483 வருடம் எண்ணினால் கி.பி. 39 வரும். அதற்குள் பிலாத்து பதவி இழந்து ரோமுக்குப் போய்விட்டான். 360 போட்டால்தான் 32-இல் வந்து நிற்கும். எஸ்றாவுக்குக் கிடைத்த கட்டளையை வைத்து கி.மு. 457-இலிருந்து எண்ணுகிறவர்களோ சாதாரண வருடத்தையே எடுக்கிறார்கள், அது கி.பி. 27-இல் இறங்குகிறது. அவர்கள் 360 எடுத்தால் கி.பி. 20 ஆகிவிடும். ஆக, எங்கே இறங்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் வருடத்தின் நீளம் தேர்வாகிறது.

இது வெறும் எண் விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. அதே 457-உடன் தானியேல் 8-இன் 2,300-ஐச் சேர்த்துத்தான் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் 1843 என்றார். பிறகு அது 1844 அக்டோபர் 22 ஆனது. நம்பிய விவசாயிகள் சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். நமக்குப் பக்கத்திலேயும் ஒரு கதை உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-இல் கிறிஸ்தவராகி, திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் போதகரானவர் ஜஸ்டஸ் ஜோசப். வித்வான் குட்டி என்றும் அழைப்பார்கள். 1881-இல் கிறிஸ்து வருவார் என்று 1875-இல் அறிவித்தார். 1881 கடந்தது. அவரைப் பின்பற்றியவர்கள் யுயோமயம் என்று தனிச் சபையாகவே நின்றுவிட்டார்கள்.

தானியேல் 9 தொடங்குவதே எரேமியா சொன்ன 70 வருடத்திலிருந்துதான். அந்த எழுபதை ஏழால் பெருக்கி, துன்பம் நீண்டாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு என்று சொல்லும் அதிகாரமாக அதை வாசிக்க, நாள் கணக்கு தேவையில்லை. விசுவாசம் உள்ளவருக்கும் அந்த வாசிப்பில் ஒன்றும் குறையாது.

அடுத்த தடவை யாராவது தேதி சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தக் கட்டளையிலிருந்து எண்ணுறீங்க? வருடத்துக்கு எத்தனை நாள், அதை ஏன் எடுத்தீங்க? அதற்குப் பதில் வரும்வரை வேலையை விடாதீங்க, நிலத்தை விற்காதீங்க.