அறைக் கணக்கும் ஆள் கணக்கும்

எந்த வகுப்பு எந்த அறையில் என்பதைக் கணிப்பொறியே ஒதுக்கித் தரும் நிரல்கள் இன்று பல கல்வி நிலையங்களில் உள்ளன. ‘கணிப்பொறி போட்டது, தவறிராது’ என்ற நம்பிக்கையும் உடன் வளர்ந்துள்ளது. அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்ப்போம்.

அடிப்படை முறை எளியது. வகுப்புகளைத் தொடங்கும் நேர வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அப்போது காலியாக உள்ள அறையைத் தர வேண்டும். காலி இல்லாதபோது மட்டும் புதிய அறையைத் திறக்க வேண்டும். 9–10, 9–11, 10–12, 11–12 ஆகிய நான்கு வகுப்புகளுக்கு 2 அறைகள் போதும். 9 மணிக்கே இரு வகுப்புகள் நடப்பதால் இதற்கும் குறைவாக எவராலும் முடிக்க இயலாது. இதுவரை நிரலைக் குறை கூற இடமில்லை.

ஒரு வகுப்பு வாரத்தில் பலமுறை கூடும், ஆனால் ஒரே அறையில்தான் கூட வேண்டும் என்று விதித்தால் கணக்கு கடினமாகிவிடும். எளிய நிலை எது, கடின நிலை எது என்பதைக் கார்ட்டர், டோவி என்ற இருவர் 1992இல் ஆராய்ந்து வெளியிட்டனர். கடின நிலையில் நிரல் தருவது பெரும்பாலும் ‘நல்ல’ விடையே. மிகச் சிறந்த விடை என்ற உறுதி இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எதை மிச்சப்படுத்துவது என்பதை நிரல் முடிவு செய்வதில்லை, நாம்தான் சொல்கிறோம். கணிப்பொறி வருமுன்பே தமிழகம் இதைக் கண்டிருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் செய்தார். நாளுக்கு 5 மணி நேரப் படிப்பு 3 மணி நேரமாயிற்று. மாணவர் இரு பிரிவாக, வெவ்வேறு வேளைகளில் வந்தனர். அதே அறை, அதே ஆசிரியர், கூடுதல் மாணவர்! அறைக் கணக்கில் பிழையில்லை. ஆனால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரம் போயிற்று. மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்றதை ‘குலக்கல்வி’ எனப் பலர் எதிர்த்தனர். காமராசர் முதல்வரான பின், 1954இல் திட்டம் கைவிடப்பட்டது.

இன்றைய நிரலுக்கும் இதே ஆபத்து உண்டு. ஓசூர் வட்டாரத்தில் தமிழ்வழியோடு தெலுங்கு, கன்னட, உருது வழிக் கல்வியும் உண்டு. அங்கே ஒரு மொழிவழி வகுப்பில் 8 பேரே இருப்பதாகக் கொள்வோம். ‘இருக்கை வீணாகக் கூடாது’ என்பது மட்டுமே விதியானால், நிரல் அவர்களை ஆண்டு முழுவதும் மிகச் சிறிய அறைக்கே அனுப்பும். அங்கே வெளிச்சம் உண்டா, கால் ஊனமுற்ற மாணவர் படியேற முடியுமா என்று அது கேட்காது. கேட்கும்படி விதி எழுதலாம். அதற்குக் கணிதம் தடையில்லை.

உங்கள் பள்ளியின் கால அட்டவணையை எடுத்து, மேலே கண்ட முறைப்படி எத்தனை அறைகள் வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு, அந்த மிச்சத்தால் எந்த மாணவருக்குச் சிரமம் வரும் என்றும் எழுதிப் பாருங்கள். இரண்டாவது பட்டியலையும் விதிகளாக்கிக் கொடுத்தால்தான் நிரலின் விடையை நம்பலாம்.