ஒன்றாக வேண்டியது ஐந்தானது

எந்த நாட்டுக்குப் போனாலும் அதே கைபேசி வேலை செய்ய வேண்டும். மூன்றாம் தலைமுறை வலையமைப்புக்கான ஆசை அதுதான். 1992இல் ஸ்பெயினில் கூடிய உலக வானொலி மாநாடு 2 கிகாஹெர்ட்ஸ் அருகே 230 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை இதற்கென அடையாளம் காட்டியது. ஆனால் 2000இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரநிலைக்கு ஒப்புதல் தந்தபோது அதற்குள் ஐந்து வானலை முறைகள் இருந்தன. 2007இல் வைமேக்ஸ் ஆறாவதாகச் சேர்ந்தது. தீர்க்க முடியாத பிணக்கை ஒரே குடும்பப் பெயருக்குள் அடக்கியதாகவே இதை நான் பார்க்கிறேன்.

பிணக்கில் நியாயமான பொறியியலும் இருந்தது. அமெரிக்காவின் சிடிஎம்ஏ-2000 முறையில் கோபுரங்கள் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைப் பார்த்து நேரத்தை ஒத்துக்கொள்ளும். ஐரோப்பாவும் ஜப்பானும் முன்வைத்த டபிள்யூ-சிடிஎம்ஏவுக்கு அந்தச் சார்பு தேவையில்லை. இன்னொரு நாட்டு ராணுவத்தின் செயற்கைக்கோளை நம்பாத வலையமைப்பு வேண்டும் என்பது வீம்பல்ல. ஆனால் காப்புரிமைச் சண்டை அப்படிப்பட்டதல்ல. இரு முறைகளும் நெருங்கி வராவிட்டால் தன் காப்புரிமைகளைத் தர முடியாது என்றது சிடிஎம்ஏ-2000 முகாமின் குவால்காம் நிறுவனம். டபிள்யூ-சிடிஎம்ஏ முகாமின் எரிக்சனுடன் அது நடத்திய வழக்குகள் 1999 மார்ச்சில்தான் சமரசமாயின. அந்த ஆண்டின் இணக்கப் பேச்சில் டபிள்யூ-சிடிஎம்ஏவின் சிப் வேகம் (சமிக்ஞையைப் பரப்பும் குறியீட்டின் வேகம்) நொடிக்கு 40.96 லட்சத்திலிருந்து 38.4 லட்சமாக இறங்கியது. எதிர்முகாமின் எண் 36.864 லட்சம். நெருங்கினார்கள், சேரவில்லை.

இருந்தும் தரநிலை வகுத்த நடைமுறையை நான் மதிக்கிறேன். 1998 டிசம்பரில் உருவான 3ஜிபிபி கூட்டமைப்பு தன் ஆவணங்களை யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கும்படி வைத்தது. குறிப்பிட்ட நாளில் ஒரு பதிப்பை உறையவைத்து, புதிய ஆசைகளை அடுத்த பதிப்புக்குத் தள்ளியது. 2002இன் ஐந்தாம் பதிப்பில் வேகமான தரவிறக்கம் வந்தபோது பழைய கைபேசிகள் செத்துப்போகவில்லை.

இதைவிடப் பெரிய ஆதாயம் பாதுகாப்பில் கிடைத்தது. முந்தைய தலைமுறையான ஜிஎஸ்எம்மில் வலையமைப்பு கைபேசியைச் சோதிக்கும். கைபேசியோ எதிரில் இருப்பது உண்மையான கோபுரமா என்று கேட்காது. போலிக் கோபுரம் வைத்து ஒட்டுக்கேட்க அந்த ஓட்டையே போதுமானதாக இருந்தது. ரகசியமாக வைக்கப்பட்ட அதன் மறையீட்டு முறையும் கசிந்து உடைபட்டது. மூன்றாம் தலைமுறையில் இரு தரப்பும் ஒன்றையொன்று சோதித்தன. கசுமி என்ற மறையீட்டு முறை பகிரங்கமாக வெளியிடப்பட்டது. 2010இல் மறையியலாளர் ஷமீரும் சக ஆய்வாளர்களும் அதில் ஒரு பலவீனத்தைக் கண்டார்கள். வலையமைப்பில் கசுமி பயன்படும் விதத்தை அது நேரடியாகக் குலைக்கவில்லை. எல்லோர் கண்ணுக்கும் எட்டும்படி வைத்ததால்தான் அந்தச் சோதனையே நடந்தது.

என் மனத்தை உறுத்துவது 1998 ஜனவரியில் பாரிஸில் ஐரோப்பியத் தர நிறுவனம் எடுத்த முடிவு. டபிள்யூ-சிடிஎம்ஏவுக்கும் போட்டி முறையான டிடி-சிடிஎம்ஏவுக்கும் இடையில் எதற்கும் போதிய பெரும்பான்மை கிடைக்கவில்லை. முன்னதற்கு இணைக் கற்றை (அனுப்பவும் பெறவும் தனித்தனி அலைவரிசை), பின்னதற்கு ஒற்றைக் கற்றை (இரண்டுக்கும் ஒரே அலைவரிசை) என்று பங்கு பிரித்தார்கள். மேசையில் உற்பத்தியாளர்களும் சேவை நிறுவனங்களும் இருந்தார்கள்; கட்டணம் கட்டப்போகிறவர்கள் இல்லை. 2000 ஏப்ரலில் பிரிட்டன் ஐந்து உரிமங்களை ஏறத்தாழ 2,250 கோடி பவுண்டுக்கு ஏலம் விட்டது. நான்கு உரிமங்களோடு 5 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கற்றையும் சேர்ந்தே போனது. பாரிஸில் அத்தனை பாடுபட்டுப் பிரித்த அந்தப் பங்கு, பல ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அழைப்பைக்கூடச் சுமக்காமல் கிடந்தது.