சேண்ட் பிளாஸ்டிங் உரித்த கல்

குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டால் கோயிலில் முதலில் கண்ணை உறுத்துவது தூண்கள்தான். தீபப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு. கம்ப்ரசரில் மணலைப் பீய்ச்சி இதையெல்லாம் உரித்தெடுக்கும் சேண்ட் பிளாஸ்டிங் தமிழ்நாட்டுத் திருப்பணிகளுக்குள் நுழைந்ததில் வியப்பில்லை. கைவேலையில் மாதக்கணக்காக இழுக்கும் மண்டபம் சில நாளில் பளிச்சென்று ஆகிவிடும். சுண்ணாம்புக்கு அடியில் மறைந்த சிற்ப வேலைப்பாடு வெளியே தெரியும். உபயதாரருக்கும் மனம் நிறையும். இந்த அனுகூலங்களை மறுப்பது நேர்மையாகாது.

கேடு கல்லின் சேர்மானத்தில் தொடங்குகிறது. கோயில் கருங்கல்லில் பெரும்பாலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா கலந்திருக்கும். பீய்ச்சும் மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்கா ஏறத்தாழ 3. அதனால் மணல் அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு நிற்பதில்லை. மைக்காவைப் பெயர்த்து, ஃபெல்ட்ஸ்பாரையும் கீறிவிடுகிறது. சிற்பி தேய்த்து மெருகேற்றிய தூணில் அதன்பின் விரலை ஓட்டினால் உப்புத்தாளாகச் சொரசொரக்கும். எண்ணெயும் புகையும் அந்தச் சொரசொரப்பில் முன்னைவிட எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

கல்வெட்டின் கதி இன்னும் மோசம். ஆழமில்லாமல் வெட்டிய எழுத்தின் விளிம்பு மழுங்கிவிட்டால், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தாலும் நிழல் விழாது. ஒரு கீற்று மறைந்தால் தானம் கொடுத்த நிலத்தின் அளவே மாறிப்போகலாம். எழுத்தைத் தாளில் ஒற்றி மைப்படி எடுக்காத கல்வெட்டு என்றால் அதோடு சரி. குழாயைப் பிடித்திருக்கும் தொழிலாளியின் நுரையீரலில் படியும் சிலிக்கா தூசியைப் பற்றித் திருப்பணிக் குழுவினர் பேசி நான் கேட்டதில்லை.

அறநிலையத் துறை சேண்ட் பிளாஸ்டிங்குக்குத் தடை விதித்தது சரியே. மாற்றுவழியிலும் குறை உண்டு. மென்மையான தூரிகை, அழுத்தம் குறைந்த தண்ணீர், பிசுக்குக்கு நீர்த்த அம்மோனியாவில் நனைத்த காகிதக்கூழ்ப் பற்று என்று போனால் வேலை நகரவே நகராது. தண்ணீர் அளவுமீறினால் கல் இடுக்கு வழியே உள்ளே இறங்கி, காயும்போது உப்பை வெளியே இழுத்துவரும். அவசரத்துக்கு ஆசிட்டை எடுத்தால் சுண்ணாம்புச் சாந்தே கரைந்துபோகும். யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சாண் இடத்தில் சோதித்துப் பார்ப்பதுதான் முறை. கறை முழுக்கப் போகாவிட்டால்தான் என்ன? தீபம் எரியும் இடத்தில் தூண் கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் பற்று ஊறும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தை நாள்கூலிக்கு மாற்றி, கல்வெட்டுள்ள சுவர்களில் மைப்படி எடுத்த பிறகே தூரிகையைத் தொட அனுமதிக்க வேண்டும்.