அசுரரை அடக்கிய கோலங்கள்

சீன தேசத்தில் புத்தாண்டுப் பிறப்பின்போது வீட்டுக் கதவில் ஒட்டப்பெறும் சோங் குய் என்னும் பேயடக்கியின் சித்திரத்துக்கு மூலமாக ஒரு கதை வழங்குகிறது. நோயுற்றுக் கிடந்த தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி சுவான்சோங்கின் கனவில் தோன்றி, அரண்மனைப் பொருளைத் திருடிய சிறு பேயைப் பிடித்துத் தின்ற அவ்வுருவம், தேர்விலே அநீதியாகத் தள்ளப்பட்டுப் படியில் தலையை மோதி உயிர்நீத்த பண்டிதன் தானென்று கூறியதாம். பிணி நீங்கி எழுந்த மன்னர், எட்டாம் நூற்றாண்டின் ஓவியப் பெருமகனான வூ தாவோசியைக் கொண்டு அதனை எழுதுவித்தார் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கோங் காய் தீட்டிய சுருளோவியம் வாஷிங்டனில் பிரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் பேய்கள் மாண்டு கிடக்கவில்லை. தம்மை அடக்கியவனது பல்லக்கைத் தோளில் சுமந்து செல்கின்றன.

பகைவனை அழித்துவிடாமல் பணியில் அமர்த்திக்கொள்ளும் இந்த மனப்பான்மை நம் நாட்டுக் கலைக்கும் அந்நியமன்று. தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றில், நாயக்கர் காலத்துப் பூச்சின் கீழ் மறைந்திருந்த சோழர் சித்திரங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். அவற்றுள் தலைசிறந்தது திரிபுராந்தகர் கோலம் என்பது என் துணிபு. பிரம்மதேவன் சாரதியாய் அமர்ந்த தேரின்மீது எட்டுக் கரங்களோடு வில்லேந்தி நிற்கிறார் பெருமான். மூஷிகத்தின்மேல் கணபதியும், மயில்மேல் முருகனும், சிங்கத்தின்மேல் காளியும் உடன்வருகின்றனர். எதிரே திரண்ட அசுரர் விழி பிதுங்கிக் கொதித்தெழ, அவர்தம் மனைவியரோ கணவரின் தோளையும் இடையையும் பற்றிக்கொண்டு, போருக்குப் போகவிடாமல் கண்ணீர் மல்கத் தடுக்கின்றனர். வெற்றி பெறுபவரின் ரௌத்திரத்தைக் காட்டுவது வல்ல ஓவியன் எவனுக்கும் கைவரும். தோற்கப் போகிறவனின் இல்லத்து அழுகையை அதே சுவரில், அதே கருணையோடு எழுதுவதற்கு வேறொரு நெஞ்சம் வேண்டும்.

புராணமும் அந்த நெஞ்சத்துக்குத் துணை நிற்கிறது. திரிபுரம் எரிந்தபோது உய்ந்த மூவரில் இருவரை இறைவன் தன் வாயிற்காவலராக்கி, மற்றவனை முழவு முழக்கப் பணித்தான் என்று சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் பாடியிருக்கிறார்.

எங்கள் வந்தவாசிக்கு அணித்தேயுள்ள சீயமங்கலத்தில், அவனிபாஜன பல்லவேச்சுரம் என்று மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த கோயிலிலும் வாயிற்காவலர் உண்டு. சுந்தரர் காலத்தால் பிற்பட்டவராதலின், அக்காவலரை அந்த அசுரரென்றே கொள்ளுதல் பொருந்தாது. ஆனால் அங்குள்ள தூணொன்றில் ஆடும் சிவனின் சிற்றுருவத்தை ஆராய்ச்சியாளர் ஊன்றிக் காணவேண்டும். தென்னாட்டில் கிடைத்துள்ள மிகப் பழைய ஆடவல்லான் வடிவங்களுள் ஒன்றான அதில், பாம்பு உண்டு, காலடியில் மிதிபடும் அசுரனான முயலகன் இல்லை. பின்னர்ச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிலே முயலகன் நிலைபெறுகிறான். அங்கும் அவன் பிணமாகக் கிடப்பதில்லை, மிதிக்கும் பாதத்தின் கீழே தலை நிமிர்த்தி உயிரோடிருக்கிறான்.